பொடியா, பேஸ்ட்டா?

அலுவலகத்தில் அவளுக்கு ‘எட்டிலக்கம்’ என்று பெயர். விமானச் சரக்கு வந்திறங்கும் சுங்கக் கூடத்தில், எந்தப் பொருள் எந்த எட்டு இலக்க எண்ணுக்குள் அடங்கும் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. அந்த எண்ணை வைத்துத்தான் வரி, அனுமதி, தடை எல்லாம். விளக்கு பொருத்திய பேனா வந்தால் அது பேனாவா விளக்கா என்று மற்றவர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போது, அவள் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு எண்ணைச் சொல்லிவிடுவாள். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது.

“மாமாவை எந்தத் தலைப்புல சேர்த்து வெச்சிருக்கேக்கா?” என்று தம்பி ஒருமுறை கேட்டான்.

“சத்தம் போடுற வீட்டுச் சாமான்” என்றாள். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கணவர், “வாரண்டி முடிஞ்சதுன்னும் சேர்த்துக்கோ” என்றார்.

தம்பி சொந்தமாக ஒரு சின்னப் பட்டறை வைத்திருந்தான். மருந்து பாட்டில் மூடிகளை வார்க்கும் எஃகு அச்சுகளுக்கு மெருகேற்றும் வேலை. அச்சு கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். முகம் பார்த்துத் தலை சீவலாம். அந்தப் பளபளப்புக்கு வைரப் பொடிதான் கதி. வைரம் என்றதும் யாரும் வாயைப் பிளக்க வேண்டாம். நகைக்கு ஆகாத வைரத்தையும் இயந்திரத்தில் செய்த வைரத்தையும் நொறுக்கி எடுப்பது அது. பார்த்தால் அடுப்புச் சாம்பல்தான். தம்பி அதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, எண்ணெயில் குழைத்து, கம்பளித் துண்டில் தொட்டுத் தேய்ப்பான்.

ஒரு நாள் காலை அவள் மேசைக்கு வந்த பெட்டியின் மேல் அந்தப் பட்டறையின் முகவரி இருந்தது. இதுவரை அவன் சரக்கு வேறு பிரிவு வழியாகப் போய்க்கொண்டிருந்ததால் அவள் கண்ணில் பட்டதேயில்லை. பெட்டியோ சோதனைக்காக ஏற்கெனவே திறக்கப்பட்டிருந்தது. உள்ளே பொடி இல்லை. ஊசி போடும் சிரிஞ்சு போன்ற குழாய்களில் சாம்பல் நிறப் பேஸ்ட். கூட வந்த தாளில் மட்டும் வழக்கம்போல ‘வைரப் பொடி’ என்று இருந்தது. உதிரியாக வந்தால் பொடி. எண்ணெயும் மெழுகும் கலந்து பேஸ்ட்டாக வந்தால் அது மெருகேற்றும் கலவை. எண் வேறு, வரியும் அதிகம்.

அவள் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு நேரே மேலதிகாரியிடம் போனாள்.

“சார், இது என் கூடப் பொறந்த தம்பியோட சரக்கு. நான் பாக்கறது முறையில்ல. வேற யாருக்காவது குடுங்க.”

அவர் அதை, அலுவலகத்தில் ‘ஆமை’ என்று பெயரெடுத்த இன்னோர் அதிகாரியிடம் கொடுத்தார். ஆமை கெட்டவர் இல்லை. எதையும் மூன்று முறை பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார், அவ்வளவுதான். ஒரு குழாயைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தார். பெட்டி கிடங்கில் உட்கார்ந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

“உன் கையில வந்துச்சாமே. நீயே தூக்கி இன்னொருத்தர்கிட்ட குடுத்தியாமே.”

“ஆமாடா. நான் தொட்டிருந்தா ரெண்டு பேருக்கும் வினை.”

“உள்ள இருக்கறது பொடிதானேக்கா? குழைக்கற வேலை மிச்சம்னு இந்தத் தடவை எண்ணெய் கலந்ததையே வாங்கினேன். அதுக்கா இத்தனை கூத்து?”

“மாவைப் பிசைஞ்சு சுட்டா ரொட்டி. அப்புறமும் அதை மாவுன்னா சொல்லுவ?”

“நியாயம் பேசு, நல்லாப் பேசு! பட்டறையில எட்டு அச்சு பாதியில நிக்குது. மருந்துக் கம்பெனிக்காரன் நாள் குறிச்சுட்டான். அக்கா சுங்கத்துல இருக்கான்னு ஊரெல்லாம் பெருமையடிச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

அவன் போன பிறகும் அவள் வாசலிலேயே நின்றாள். செய்தது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சரி, சாப்பாட்டைத் தொண்டைக்குக் கீழே இறங்கவிடவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனாள். தம்பி அங்கே இல்லை. கடன் பொடி கேட்டு இன்னொரு பட்டறைக்குப் போயிருந்தான். தம்பி மனைவிதான் இருந்தாள். வாங்க என்றாள், உட்காருங்க என்று சொல்லவில்லை. மூலையில் அழுக்கேறிய கம்பளித் துண்டுகள் ஒரு பீப்பாய் நிறையக் கிடந்தன.

“இதையெல்லாம் என்ன பண்ணுவீங்க?”

“குப்பைதான் அண்ணி. வேறென்ன?”

“குப்பையா? தேய்ச்ச வைரம் அத்தனையும் இதுலதானேம்மா இருக்கு. எங்க புத்தகத்துல தூசியும் பொடியும் ஒரே எண்ணு. இதைக் கழுவி எடுத்து விக்கறவங்க சரக்கு எங்ககிட்ட வரும்.”

தம்பி மனைவி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். “எடுக்க வருமா?”

“பாத்திருக்கேன். செஞ்சதில்ல.”

இரண்டு பேரும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்கள். துண்டுகளை மண்ணெண்ணெயில் அலசினார்கள். கலங்கிய கரைசலில் காந்தத்தை விட்டு விட்டு எடுத்தபோது எஃகுத் துகள் மீசை மீசையாக ஒட்டிக்கொண்டு வந்தது. மிச்சத்தை உயரமான ஜாடியில் ஊற்றித் தெளியவிட்டார்கள். அடியில் தங்கியதை எடுத்து, கழித்துப் போட்ட ஓர் அச்சில் தம்பி மனைவி தேய்த்துப் பார்த்தாள். கீச்சென்று ஒரு கோடு விழுந்தது.

“போச்சு. நல்ல அச்சா இருந்தா குடும்பமே தெருவுக்கு வந்திருக்கும்” என்று கையை உதறினாள்.

“பருமனான துகள் முதல்ல அடியில இறங்கும். அதையில்ல நாம எடுத்துட்டோம்? மேல மிதக்கறதைத் தனியா ஊத்தி வெக்கலாம். நைசா இருக்கறது மெதுவாத்தான் இறங்கும்.”

தனியே ஊற்றி வைத்தார்கள். பொழுது சாயத் தம்பி வெறுங்கையோடு திரும்பியபோது, மண்ணெண்ணெய் நாற்றத்தில் அக்காவும் மனைவியும் ஒரு ஜாடியைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். அடியில் மெல்லிய படலமாகச் சாம்பல் படிந்திருந்தது. அவன் விரலில் தொட்டு, எண்ணெய் விட்டு, அதே பழைய அச்சில் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே இருந்தான். பிறகு துடைத்துவிட்டு விளக்கடியில் பிடித்தான்.

“கோடு இல்ல” என்றான். அச்சைக் கீழே வைத்துவிட்டு, “சாப்பிட்டியாக்கா?” என்றான்.

கிடைத்த பொடி ஐந்து அச்சுக்கு வந்தது. அந்த ஐந்தும் குறித்த நாளில் போயின. மீதி மூன்றை மருந்துக் கம்பெனிக்காரர் வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டார். பரிசோதனை முடிவு, பேஸ்ட்தான் என்று வந்தது. வித்தியாச வரியையும் சின்ன அபராதத்தையும் கட்டித் தம்பி பெட்டியை எடுத்தான். ஏமாற்றும் எண்ணம் இல்லை, பழக்கதோஷம் என்று ஆமையே குறிப்பு எழுதியிருந்தார்.

அந்த மூன்று அச்சுகளை அவன் எளிதில் மறக்கவில்லை. நல்லது கெட்டது பேசும்போது நடுவில் ஒரு பெருமூச்சு வரும். அவளும் காதில் விழாதவள் போல இருந்துவிடுவாள். போன மாதம் அவன் ஒரு புதுக் குழாயின் படத்தை அவளுக்கு அனுப்பி, இது எந்த எண்ணில் வரும் என்று கேட்டான். அலுவலகத்தில் எழுத்தில் விண்ணப்பித்துக் கேட்கும்படி பதில் போட்டாள்.

ஐந்து நிமிடத்தில் தம்பி மனைவி கூப்பிட்டாள். “விண்ணப்பம் நேத்தே குடுத்தாச்சு அண்ணி. நீங்க இதைத்தான் சொல்லுவீங்கன்னு தெரிஞ்சும், உங்க வாயால ஒரு தடவை கேக்கணுமாம் இவருக்கு. ஞாயித்துக்கிழமை வாங்க, மாமாவையும் கூட்டிட்டு வாங்க.”