காலாண்டுப் பரீட்சை வரைக்கும்

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் வரலாற்று டீச்சர் பாடம் நடத்த மாட்டார். ஒரு கைடைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படிப்பார். நாங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாயால் சொல்வார். அதே கைடு என்னிடமும் இருந்தது. ஜூன் மாதமே அதை இரண்டு முறை படித்து முடித்திருந்தேன்.

ஜூலையில் ஒரு நாள். மலையிலிருந்து மேகம் வகுப்புக்குள்ளேயே இறங்கிவிட்டது. கரும்பலகை தெரியவில்லை, டீச்சரின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களை அவர் சொல்லிக்கொண்டிருக்க, நான் என்னையறியாமல் காரணங்களை முடித்துவிட்டு விளைவுகளுக்குப் போயிருந்தேன். டீச்சர் எப்போது பக்கத்தில் வந்து நின்றார் என்று தெரியாது. குனிந்து என் நோட்டைப் பார்த்தார். தான் இன்னும் சொல்லாத வரிகள் ஒரு பக்கத்துக்கு எழுதப்பட்டிருந்தன.

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. களைப்பான குரலில், "அப்புறம் நீ எதுக்குடி இங்க வர்றே?" என்றார்.

வகுப்பு சிரித்தது. திட்டுவதற்காகக் கேட்ட கேள்விதான் அது. எனக்கு அது நிஜமான கேள்வியாகவே பட்டது. மாலை பஸ்ஸில் கண்ணாடி ஓரம் உட்கார்ந்து வீடு வரும் வரை யோசித்தேன்.

நாங்கள் அப்போது நீலகிரியில் குந்தா பக்கம் மின்நிலையத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அணை கட்டின காலத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருந்த இடம் என்பார்கள். அந்த இடத்தை எல்லோரும் 'கேம்ப்' என்றுதான் சொன்னார்கள். நாங்கள் போனபோது எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடுகளில் நான்கில்தான் ஆள். மற்ற வீடுகளின் ஓட்டின் மேல் மேரக்காய்க் கொடி ஏறிக் கிடந்தது. அப்பா மின்நிலையத்தில் ஷிப்டு ஆபரேட்டர். அம்மா கிராம சுகாதார நர்ஸ். காலையில் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பிக்கட்டி பக்கம் போனால், திரும்ப ஆறு மணியாகும். நான் ஒரே பிள்ளை. அதுவரை கோயம்புத்தூரில் படித்தவள். அங்கே எட்டாம் வகுப்பிலேயே முடித்த கணக்குகளை இங்கே ஒன்பதில் இன்னும் ஆரம்பிக்கவில்லை. கணக்கு டீச்சர் இடமே காலியாகத்தான் இருந்தது.

அந்த வாரம் ஏதோ ஒரு பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில், வடக்கே ஓர் ஊரில் ஒரு தம்பதி தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பதாக ஒரு கட்டுரை வந்திருந்தது. பரீட்சையை மட்டும் பிரைவேட்டாக எழுதிக்கொள்ளலாமாம். ஒரு பெண் மரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிற படமும் இருந்தது. அதைப் பத்துத் தடவை படித்துவிட்டு, அப்பா பகல் ஷிப்டு முடிந்து வந்து டீ குடிக்கும் நேரமாகப் பார்த்து நீட்டினேன்.

அப்பா எதையும் நிதானமாகப் படிப்பவர். முழுக்கப் படித்துவிட்டு, "ஏங்கண்ணு, பள்ளிக்கொடத்துல யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?" என்றார்.

"இல்லீங்கப்பா. எனக்கு அங்க பண்றக்கு ஒண்ணுமே இல்லீங்க. எல்லாம் ஏற்கெனவே படிச்சதுதான். ஊட்டுலயே இருந்தா நானே படிச்சுக்குவேன்."

அடுப்படியிலிருந்து அம்மா வந்துவிட்டாள். "ஏனுங்க, புள்ள சொல்லுதுன்னு நீங்களும் அத உக்காந்து படிச்சிட்டிருக்கறீங்களா? நாள் பூரா ஒருத்தருமில்லாத ஊட்டுல இது என்ன பண்ணும்? அந்தப் பேப்பர்ல அம்மாக்காரி ஊட்டுல இருக்கறா. நான் இருக்கறனா?"

அது சரியான கேள்விதான். ஆனால் பதினான்கு வயதில், யாருமில்லாத வீடு என்பதே எனக்குப் பெரிய வரமாகத் தெரிந்தது.

நான்கு நாள் பேச்சு நடந்தது. கடைசியில் அப்பா ஒரு முடிவு சொன்னார். காலாண்டுப் பரீட்சை வரைக்கும் வீட்டில் இருந்து பார்ப்பது. பரீட்சையைப் பள்ளியில் போய் எழுதுவது. அப்புறம் பேசுவது. அதற்கு ஒரு மருத்துவச் சான்றிதழ் கொடுத்துவிட்டால் பள்ளிப் பதிவேட்டில் பேர் அடிபடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். "சீக்கில்லாத புள்ளைக்கு சீக்குன்னு எழுத நான் யார்கிட்டயும் போய் நிக்க மாட்டனுங்க."

எனவே அப்பா உள்ளதை உள்ளபடியே எழுதினார். 'என் மகள் வீட்டிலிருந்து படித்துப் பார்க்க விரும்புகிறாள். அனுமதிக்க வேண்டுகிறேன்.' தலைமையாசிரியர் அதை மூன்று தடவை படித்தார். என்னை ஒரு தடவை பார்த்தார்.

"இத எந்த ஃபைல்ல போடறதுன்னே எனக்குத் தெரியலீங்க. சொந்தக் காரணம்னு எழுதிக் குடுங்க. பாப்பா எப்பத் திரும்பி வந்தாலும் உக்காந்துக்கட்டும்."

மறுநாள் காலை பள்ளிப் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு மேடு ஏறுவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை இன்றும் என்னால் உணர முடிகிறது. அட்டவணை போட்டு ஒட்டினேன். ஒன்பது மணிக்குக் கணக்கு, பத்தரைக்கு அறிவியல், பன்னிரண்டுக்கு ஆங்கிலம். முதல் வாரத்தில் இயற்கணிதம் முழுவதையும் முடித்தேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை.

மூன்றாவது வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. குந்தா மழை விட்டுவிட்டுப் பெய்யாது. நாள் முழுக்க ஒரே சத்தம். எதிர் மலை மேகத்துக்குள் போய்விட்டது, அப்புறம் ரோடு போய்விட்டது, கடைசியில் எங்கள் வேலியும் தெரியவில்லை. அப்பாவுக்கு இரவு ஷிப்டு வந்தால் பகலில் தூங்குவார். நான் பூனை மாதிரி நடந்தேன். ஆங்கிலச் செய்யுளை உதட்டை மட்டும் அசைத்து மனப்பாடம் செய்தேன். ஒரு நாள் சாயங்காலம் அம்மா வந்து ஏதோ கேட்க, பதில் சொல்ல வாயைத் திறந்தால் தொண்டை கட்டிக்கிடந்தது. காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அதன்பின் நாலரைக்குக் குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போக ஆரம்பித்தேன். ஏதோ காரியமாக வந்தவள் போல நிற்பேன். கேம்ப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் நனைந்த பைகளோடு இறங்குவார்கள். பாதியில் விட்ட ஏதோ ஒரு பேச்சுக்குச் சிரித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போவார்கள். யாரைப் பற்றிய சிரிப்பு என்று எனக்குத் தெரியாது. "நல்லாருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள், ஊருக்கு வந்த விருந்தாளியைக் கேட்பது போல.

ஆகஸ்டில் வடிவியலில் ஒரு கணக்கில் சிக்கிக்கொண்டேன். நான்கு நாள் போட்டும் புத்தகத்தின் பின்னாலிருக்கும் விடை வரவில்லை. அப்பா ஷிப்டு முடிந்து வந்து, கை கால் கழுவிக்கொண்டு, என் எதிரே உட்கார்ந்து முயன்றார். அவருக்கும் வரவில்லை. அவர் முகம் சிறுத்துப் போனது எனக்குக் கஷ்டமாக இருந்தது. மறுநாள் கணக்கை ஒரு தாளில் எழுதி மின்நிலையத்துக்கே கொண்டுபோய்விட்டார். ஷிப்டில் இருந்த எல்லோரும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

"மூணு பேரு மூணு விடை சொல்றாங்க கண்ணு. இன்ஜினியர் மட்டும் புத்தகத்துலதான் தப்புங்கறாரு."

புத்தகத்தில்தான் தப்பு. நான் முதல் நாளே போட்ட விடை சரி. அப்பா வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்த நான்கு நாளும் நான் எவ்வளவு பயந்திருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. பள்ளியில் இருந்திருந்தாலும் அந்தக் கணக்கைச் சொல்லித்தர ஆள் கிடையாது. ஆனால் என்னோடு சேர்ந்து முப்பது பேருக்கும் புத்தகத்து விடை வந்திருக்காது.

அதற்கு அடுத்த வாரம் மண்சரிவு. ரோட்டில் இரண்டு இடத்தில் மலையே இறங்கிவிட்டது. அம்மா பிக்கட்டி பக்கம் மாட்டிக்கொண்டாள். மாற்று ஆள் வர முடியாததால் அப்பா மின்நிலையத்திலேயே தங்க வேண்டியதாயிற்று. அப்பா போனில் விசாரித்து, அம்மா பத்திரமாக இருக்கிறாள் என்று கேம்ப் ஆபீஸுக்குத் தகவல் சொல்லி அனுப்பினார். கடைசி வீட்டு மலையாளத்து அக்கா ராத்திரி தன் வீட்டில் படுக்கச் சொன்னார். பகலில் மட்டும் நான் எங்கள் வீட்டில் இருந்தேன். இரண்டு நாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் மழை கொஞ்சம் விட்டது. வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல் வெளியே வந்து, பக்கத்துக் காலி வீட்டின் கதவைத் தள்ளினேன். தாழ்ப்பாள் துருப்பிடித்து விழுந்திருந்தது. உள்ளே ஒரு பொருளும் இல்லை. முன்னறைச் சுவரில், என் இடுப்பு உயரத்தில், யாரோ ஒரு குழந்தை கரியால் மூன்றாம் வாய்ப்பாடு எழுதியிருந்தது. எட்டோடு நின்றிருந்தது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. அந்த அறை நடுவில் நின்று, எனக்கு மனப்பாடமாக இருந்த வரலாற்று நோட்ஸை உரக்கச் சொல்ல ஆரம்பித்தேன். எங்கள் டீச்சரைப் போலவே, கமா, முற்றுப்புள்ளியோடு. முதலில் விளையாட்டாக இருந்தது. ஒரு வரி சொல்லிவிட்டு, எழுதி முடிக்க நேரம் விட வேண்டுமே என்று நிறுத்தினேன். அந்த இடைவெளியில் ஓட்டிலிருந்து நீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த வரி சொன்னேன். மறுபடியும் நிறுத்தினேன். நாலைந்து வரிக்கு மேல் முடியவில்லை. அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். அம்மா நினைப்பா, பயமா, வேறு ஏதாவதா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் அம்மா சேற்றில் நடந்தே வந்து சேர்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். வாசலுக்கு ஓடி நனைந்திருந்த என் தலையைத் துவட்டிவிட்டாள்.

செப்டம்பரில் பரீட்சை எழுதப் போனேன். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வேறு பெஞ்சுக்குப் போயிருந்தாள். தேயிலைத் தோட்டத்துப் பெண். சின்ன வயதில் இலங்கையிலிருந்து குடும்பத்தோடு வந்தவள். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் சங்கடப்பட்டாள்.

"அந்த இடம் ஒழுகுது. நீயும் இல்லாம நான் மட்டும் அங்க இருக்க ஏலாதே" என்றாள்.

எங்கள் பழைய மூன்றாவது பெஞ்சில் நான் தனியாக உட்கார்ந்து எழுதினேன். மதிப்பெண் நன்றாகவே வந்தது. கணக்கில் முதல். அப்பா மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "ஊட்டுல இருந்தே நல்லாத்தான் படிச்சிருக்கறே. அப்ப என்ன பண்ணலாம் கண்ணு?" என்றார். அவர் வாக்குக் கொடுத்தால் மாற மாட்டார். வீட்டிலேயே இருக்கிறேன் என்று நான் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்.

"பள்ளிக்கொடத்துக்கே போறனுங்கப்பா."

"பாடம் புடிச்சுப் போச்சா?"

"இல்லீங்க."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார்.

பாடம் கடைசி வரை பிடிக்கவில்லை. டீச்சர் கைடைப் பார்த்து வரி வரியாகச் சொன்னார், நான் அவர் வேகத்துக்கே எழுதினேன். சில நாள் கை தானாக எழுத, மனம் எங்கோ இருக்கும். பிள்ளைகள் என்னை வெறுக்கவில்லை, சேர்த்துக்கொள்ளவும் இல்லை. நான் இல்லாத இரண்டு மாதத்தில் அவர்களுக்குள் நடந்த எவ்வளவோ விஷயங்களை யாரும் திரும்பச் சொல்ல முடியாது. தலைமையாசிரியர் மட்டும் வராந்தாவில் எதிர்ப்பட்டால், "என்ன பாப்பா, சொந்தக் காரணமெல்லாம் தீர்ந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

டிசம்பரில் வகுப்புக் கூரையின் ஓடுகளை மாற்றினார்கள். ஒழுகல் நின்றதும் அந்தத் தோட்டத்துப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி என் பக்கத்துக்கு வந்துவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாள் திடீரென்று கேட்டாள்.

"வீட்ல இருந்து என்ன செஞ்ச அவ்வளவு நாளும்?"

"படிச்சேன்."

"கதைக்க ஆள் இருந்திச்சா?"

"இல்ல."

"அப்ப எப்படிப் பாடம் ஏறும்?" என்றாள். அவளுக்குப் பாடம் அப்படியொன்றும் ஏறியதில்லை. இருவரும் சிரித்துவிட்டோம். அன்றைக்கு அவளிடம் காலி வீட்டில் நடந்ததைச் சொன்னேன். வேறு யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டாள்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. அக்காவோடு திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள் என்று தோட்டத்தில் அவள் இருந்த லைன் வீடுகளிலிருந்து வரும் ஒரு பையன் சொன்னான். அவளை யாரும் என்ன விருப்பம் என்று கேட்டிருக்க மாட்டார்கள். காலாண்டு வரைக்கும் பார்க்கலாம் என்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். முகவரி கேட்டு எழுதலாம் என்று நினைத்தேன். யாருக்கும் தெரியவில்லை.

பத்தாம் வகுப்பு முடியும் வரை என் பக்கத்தில் அவள் இருந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. அங்கே என் பையை வைத்துக்கொண்டேன்.