கூரையில்லாத ஒரு கிழமை

கீரி என்ற ஊரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கூரை ஒழுகியது. அது வீட்டுக்காரருக்குத் தெரியவே கூடாது என்பது அம்மாவின் கட்டளை. யுத்தம் முடிந்து முகாமிலிருந்து வந்திருந்தோம்; எங்கள் ஊரான அடம்பனில் சொந்த வீட்டுக்குச் சுவர் மட்டுமே மிச்சம். வீட்டுக்காரர் தேங்காய் பறிக்க வரும் நாட்களில் அம்மா ஒழுக்குக்கு வைத்த வாளியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, நிலத்தைத் துடைத்து, ஒன்றும் அறியாதவர்போல நிற்பார்.

ஒருநாள் வீட்டுக்காரர் தென்னையடியில் நிற்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. உள்ளே ஓடிவந்து கதிரையில் உட்காரப் போனார். எனக்கு ஏழு வயது. பெரியவர்களுக்கு உதவும் நல்ல பிள்ளை என்று பெயர் வேறு.

"மாமா, அதிலை இருக்காதேங்கோ, நனைஞ்சு போவியள்!" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நெற்றியில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மழையே நின்றிருக்க வேண்டும்.

"ஏன் தங்கச்சி சொல்லேல்லை? கூரையைத் திருத்தித் தாறது என்ரை பொறுப்பெல்லோ" என்று அம்மாவைப் பார்த்து அவர்தான் வெட்கப்பட்டார். "ஓடெல்லாம் இறக்கி, உக்கின மரம் மாத்தவேணும். ஒரு கிழமைதான், ஏழே நாள், எங்கையாவது போய் நிண்டிட்டு வாங்கோ."

அம்மாவின் முகம் சட்டென்று மாறியது. "நாங்கள் போகமாட்டம் அண்ணை. நீங்கள் இறக்குங்கோ, நாங்கள் கீழை இருக்கிறம்." அப்பா கெஞ்சியும் அசையவில்லை.

வானம் வெளித்ததும் வேலை தொடங்கியது. எங்கள் அடுக்களைக்குள் வெயில் அடித்தது. மரத்தைக் கழற்றுமுன் வீட்டுக்காரர் மேலிருந்து, "தங்கச்சி, சட்டியை மூடுங்கோ!" என்று கத்துவார். சட்டிக்கு மேல் குடை பிடிப்பது என் வேலை. அப்படியும் ஒரு காகம் நேரே இறங்கிப் பொரித்த மீனோடு போனது. "ஆக்கள் இருக்க வீடு திருத்தினது என்ரை சீவியத்திலை இதுதான்" என்று அவர் சிரித்தார். மத்தியானத்தில் எங்களோடு உட்கார்ந்து, ஓட்டுத் தூசி விழுந்த குழம்பை வாயாரப் புகழ்ந்தார். அம்மாவும் சிரித்தார். ஆனால் படலைக்கு வெளியே கால் வைக்கவில்லை, கடைக்கும் அப்பாதான்.

சரியான பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். அடம்பனை விட்டு வெளிக்கிட்டபோதும் "ஒரு கிழமைதான்" என்றே சொன்னார்களாம். அதை நம்பி அம்மா, ஆக்கிய சோற்றை மூடிவைத்து, கதவைப் பூட்டி, திறப்பைச் சேலையில் முடிந்துகொண்டு வந்தாராம். இதை அவர் எனக்குச் சொன்னது பல வருடங்களுக்குப் பிறகு.

அன்று எனக்கிருந்த கவலை ஒன்றுதான்: ஓடு போட்டு இந்தக் கொண்டாட்டத்தை முடித்துவிடப் போகிறார்களே. குடையைப் பிடித்தபடி, அம்மாவுக்கும் கேட்கும்படியாக வேண்டிக்கொண்டேன்:

"பிள்ளையாரே, இன்னும் ஒரு கிழமைதான்!"