எண்ணெய் குடித்த தரை

எனக்கு எழுபத்துநாலு வயசு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நாலு நான் பெற்றது, ஒன்று செத்துப்போன என் நாத்தனார் விட்டுப்போனது. ஐந்தும் தவழ்ந்தது எங்கள் குடவாசல் வீட்டுக் கூடத்தில்தான். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான், எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் என் வீட்டுத் தரையைப் பற்றி எழுத என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது.

கூடம் முழுக்கச் சிவப்புச் சுட்டமண் ஓடு. மேலே பளபளப்புப் பூச்சு எதுவும் கிடையாது, சூளையில் வெந்த மண் வெந்தபடியே இருக்கும். தண்ணீர் சொட்டினால் உறிஞ்சும், குழம்பு சிந்தினால் அதையும் உறிஞ்சும். அதனால் கண் எப்போதும் தரையிலேயே இருக்க வேண்டும். எனக்கு இருந்தது. வருகிறவர்கள் புதுசாகப் போட்ட தரையா என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். நான் பதில் சொல்லாமல் காபி போடப் போய்விடுவேன், இன்னொரு தடவை கேட்கட்டும் என்று.

என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து இடது பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு இந்தத் தரைதான் அவருக்குக் கால். தஞ்சாவூரில் பெரிய மகன் வீட்டில் வழவழ டைல்ஸ். அதில் ஒருமுறை வழுக்கி விழுந்தவர், அப்புறம் அங்கே கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. இங்கே கூட்டி வந்ததும் கம்பை ஊன்றிக்கொண்டு தானாக நடந்தார். இந்த ஓட்டின் சொரசொரப்பு காலைப் பிடித்துக்கொள்ளும்.

போன கிறிஸ்துமஸுக்குச் சின்ன மகன் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். அடுக்களை சின்னது என்பதால் முறுக்கு சுடுவது எப்போதும் கூடத்தில்தான். சுட்டு முடித்துவிட்டு, மாதா கோயிலில் குடில் போட வைக்கோல் கேட்டிருந்தார்கள் என்று கொடுக்கப் போனேன். எண்ணெய் ஆறியதும் இவன் உதவி செய்கிறேன் என்று வாணலியைத் தூக்கியிருக்கிறான். வாணலியின் காது கையில் வழுக்கி, அவ்வளவு எண்ணெயும் தரையில். அதுவும் அவர் படுக்கிற அறை வாசலில்.

நான் திரும்பி வந்தபோது எண்ணெய் மேல் வெள்ளையாகத் தூள் கிடந்தது. மழை வெள்ளத்துக்கு அப்புறம் பஞ்சாயத்தில் கொடுத்த பிளீச்சிங் பவுடர். போதாததற்கு மகன் கையில் பாத்ரூம் ஆசிட் பாட்டில். அவன் பெண்சாதி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ரெண்டும் சேர்ந்தா விஷப்புகை வரும். உங்கப்பா உள்ள படுத்திருக்காரு” என்றாள்.

பாட்டிலை வாங்கிக் கொல்லையில் கொண்டுபோய் வைத்தேன். கதவு ஜன்னல் எல்லாம் திறந்தோம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு அவள் தூளைக் கூட்டி அள்ளினாள். மகனுக்கு ஆத்திரம், வெட்கம் இரண்டும். இந்தப் பழைய ஓட்டைத் தோண்டிப் போட்டுவிட்டு டைல்ஸ் போட்டுவிடலாம் என்றான். கிறிஸ்துமஸுக்கு மறுநாளே வரச் சொல்லிக் கொத்தனாருக்குப் போனும் பண்ணிவிட்டான்.

அறைக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. “போடு. அப்படியே எனக்கும் சக்கரம் வச்சிடு.”

அவரை அன்றைக்கு இரண்டு பேர் தாங்கித்தான் குளியலறைக்குக் கூட்டிப்போனோம்.

எதிர்வீட்டுக்காரி சாம்பலைப் போட்டுத் தேய் என்றாள். பாத்திரத்துக்கு அது சரி, இந்த ஓட்டில் கரி உள்ளே இறங்கினால் அப்புறம் வராது. நான் மில்லிலிருந்து தவிடு வாங்கி வரச் சொன்னேன். கறை மேல் கனமாகக் கொட்டி, தேய்க்காமல், கையால் அழுத்தி மட்டும் விட்டேன். எண்ணெயைக் குடித்துத் தவிடு கறுத்தது. கூட்டி அள்ளிவிட்டு மறுபடி புதுத் தவிடு. அள்ளியதை மாட்டுக்கு வைக்கப் போன மகனை மருமகள் மறுபடியும் பிடித்தாள், அதில் பிளீச்சிங் ஒட்டியிருக்கும் என்று. குழி தோண்டிப் புதைத்தான்.

தவிடு கறுக்காமல் வந்த பிறகுதான் தண்ணீர். அதையும் வாளியோடு கொட்டக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு விட்டு, முதலில் மூலையில் ஓர் ஓட்டில் தேய்த்து, நிறம் போகவில்லை என்று பார்த்துக்கொண்டேன். அப்புறம் ஒவ்வோர் ஓடாகப் பிரஷ்ஷால் தேய்த்து, உடனே துணியால் ஒற்றி, நல்ல தண்ணீரால் துடைத்து, ஃபேனைப் போட்டுக் காயவிட்டோம். முட்டி போட்டுத் தேய்த்தது மகன்தான். துபாயில் இந்த வேலைக்கு மெஷின் இருக்கிறது என்றான். இங்கே நீ இருக்கிறாய் என்றாள் அவன் பெண்சாதி.

சொன்னபடி கொத்தனார் வந்து வாசலில் நின்றார். மகன் என் முகத்தைப் பார்த்தான். நான் வெறுங்காலை அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன், வழுக்கவில்லை. வீட்டுக்காரரை நடந்து பார்க்கக் கூப்பிடலாம் என்று திரும்பினால், அவர் அதற்குள் கம்போடு அறை வாசலில் நிற்கிறார். கை கொடுக்கப் போன மகனை வேண்டாம் என்று தலையசைத்தார். கறை இருந்த இடத்தைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, தானாகவே வாசல் வரைக்கும் நடந்தார்.

“கொத்தனாரே, காபி சாப்பிட்டுட்டுப் போங்க. இங்க வேலை இல்லை” என்றார்.

அந்த இடத்தில் இன்றைக்கும் லேசாக ஒரு நிழல் உண்டு. இருக்கட்டும். அவர் கால் அங்கே நிற்கிறது, எனக்கு அது போதும். வருகிறவர்களிடம் இப்போது கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், இது பழைய தரை என்று.

பாப்பா, இங்கே வா. அப்பாயி எழுதியதைச் சத்தமாகப் படி, தாத்தா காதிலும் விழட்டும். எங்கேயாவது எழுத்துத் தப்பாக இருந்தால் நிறுத்தாதே, படித்துக்கொண்டே போ.