பூட்டிய வீட்டுக் கொய்யா

கொய்யாப்பழம் தின்பதற்கு நான் இப்போதெல்லாம் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். பழத்தை நாலாக வெட்டி, வாசலுக்குக் கொண்டுபோய், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். உள்ளே ஏதாவது நெளிந்தால் பழம் போச்சு. வெளியில் மினுமினுவென்று மஞ்சளாகத்தான் இருக்கும். வெட்டினால் அரிசி அரிசியாகப் புழு. சும்மாவும் இருக்காது, துள்ளி என் கைமேலேயே விழும். இரண்டு வருடம் என் மரத்தில் ஒரு பழம்கூட எனக்கு வாய்க்கவில்லை.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயம் ஒன்றின் கடைசி வீடு என்னுடையது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகளை அட்டன் பக்கம் கட்டிக்கொடுத்தேன். அவளுக்கு அவள் குடும்பம். பக்கத்து வீடு என் கூட்டாளியுடையது. நானும் அவனும் ஒன்றாகத் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்து, ஒன்றாகக் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர்கள். வயதான தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிக் குறைத்து, புதுக் கொழுந்து விட வைக்கிற வேலைக்குத்தான் கவ்வாத்து என்று பெயர். மலைச்சரிவில் எனக்கும் அவனுக்கும் எப்போதும் பக்கத்துப் பக்கத்து நிரை. அவன் பேசிக்கொண்டே வெட்டுவான், நான் திட்டிக்கொண்டே வெட்டுவேன். பொழுது போனதே தெரியாது.

அவன் வீட்டுப் பின்பக்கம் ஒரு பெரிய கொய்யா மரம் நிற்கிறது. அதன் வேரில் கிளம்பிய கன்றைத் தோண்டித்தான் என் வாசலில் நட்டுக் கொடுத்தான். தாய் மரம் அவனுக்கு, பிள்ளை எனக்கு. காய்க்கிற காலத்தில் அவன் என் மரத்தைக் குறை சொல்வான், நான் அவன் மரத்தைக் குறை சொல்வேன். பழத்தை மட்டும் இரண்டு பேரும் பாகுபாடில்லாமல் தின்போம்.

முழங்கால் தேய்ந்து நடக்க முடியாமல் போனதும் அவனை மகன் கொழும்புப் பக்கம் வத்தளைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். போகும்போது வீட்டைப் பூட்டிச் சாவியை என் கையில் தந்தான். கோவில் திருவிழாவுக்கு வந்துவிடுவதாகவும், பழத்தையெல்லாம் நானே தின்று தீர்த்துவிடக் கூடாது என்றும் சொன்னான். அந்தத் திருவிழா போனது, அதற்கு அடுத்ததும் போனது. அவன் வரவில்லை. பழத்தை நான் தின்று தீர்க்கவும் இல்லை. அதைப் புழு பார்த்துக்கொண்டது.

முதலில் நான் என் மரத்தின்மேல்தான் பழி போட்டேன். இலையில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு போல ஏதோ ஒட்டியிருந்தது. சவர்க்காரத் தண்ணீர் அடித்துக் கழுவினேன். எறும்பு ஏறாமலிருக்க, அடிமரத்தில் துணி சுற்றிக் கிறீஸ் தடவினேன். பஞ்சு போனது, எறும்பும் போனது, புழு போகவில்லை. யாரோ கண் வைத்த கண்ணூறாக இருக்கும் என்று மேல் லயத்து அம்மா ஒருத்தி சொன்னாள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தேய்ந்த செருப்பைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டேன். புழு செருப்புக்கெல்லாம் பயப்படுகிற சாதியில்லை.

பிறகு ஒவ்வொரு பிஞ்சுக்கும் பழைய பத்திரிகைத் தாளில் பை செய்து மாட்டினேன். வேலையில்லாத கிழவனுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. மாட்டி முடித்த மறுநாளே குரங்குகள் வந்தன. இவ்வளவு நாளும் கொய்யாவைக் கண்டுகொள்ளாத குரங்குகள், பையைக் கண்டதும் உள்ளே ஏதோ பெரிய சாமான் இருக்கிறது என்று நினைத்துவிட்டன போல. ஒவ்வொன்றாகப் பிய்த்து, காயைக் கடித்துப் பார்த்து, துவர்ப்புப் பிடிக்காமல் என் கூரைமேலேயே எறிந்துவிட்டுப் போயின. அன்றைக்கு நான் திட்டிய திட்டுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. அவன் இருந்திருந்தால் ஒரு வாரத்துக்கு அதையே சொல்லிச் சிரித்திருப்பான்.

கடைசியில் ஒரு பை நிறையப் புழுப் பழத்தைக் கட்டிக்கொண்டு பதுளைக்கு பஸ் ஏறினேன். அரசாங்க விவசாயக் கந்தோரில், பயிர்ச்செய்கை சொல்லிக்கொடுக்கிற ஒரு போதனாசிரியை இருந்தார், என் மகளை விடச் சின்னப் பெண். பழத்தை வெட்டிப் பார்த்துவிட்டு, இது பழ ஈ, காய் முற்றும்போது தோலுக்குள் முட்டையிட்டுவிடும் என்றார். விழுந்த பழத்தைக் கிடக்கவிட்டால் புழு மண்ணுக்குள் இறங்கி, மறுபடி ஈயாகக் கிளம்பும். அதனால் விழுந்ததையெல்லாம் அன்றன்றே பொறுக்கி, கறுப்புப் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, வெயிலில் வைக்க வேண்டும். உள்ளே வெந்து செத்துவிடும். நான் என் மரத்தடியைச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன் என்று கொஞ்சம் வீறாப்பாகவே சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“பக்கத்துல வேற கொய்யா மரம் இருக்குதா ஐயா?”

இருக்கிறது, ஆனால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்றேன். அப்படியென்றால் நீங்கள் மட்டும் என்ன செய்தும் பிரயோசனமில்லை என்றார். இந்த ஈ வேலி பார்க்காது. ஒரு மரத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் சுற்றியிருக்கிற எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. சுற்றி யார் இருக்கிறார்கள்? எங்கள் லயத்தில் பாதிக் கதவில் பூட்டுத்தான் தொங்குகிறது. பிள்ளைகள் கொழும்புக்குக் கடை வேலைக்கும், பெண்கள் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். அந்தப் பூட்டுகளையெல்லாம் கூட்டிக் கூட்டமா போட முடியும்?

அடுத்த நாள் காலையில் அவன் வீட்டுப் பின்பக்கம் போனேன். புல் முழங்காலுக்கு வளர்ந்திருந்தது. மரத்தடியில் கால் வைக்க இடமில்லாமல் பழம் அழுகிக் கிடந்தது. ஒருவித புளித்த வாடை. நல்ல மரம், ஆளில்லாமல் இப்படிச் சீரழிகிறது. புல்லைச் செதுக்கி, பழத்தைப் பொறுக்கிப் பையில் கட்டினேன். மண்ணைக் கிளறிவிட்டேன்; லயத்துக் கோழிகள் வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

அதிலிருந்து தினமும் காலையில் அங்கே போவது வழக்கமானது. என் மரத்துக்காகப் போனேன் என்று சொன்னால் பாதி பொய். போகிற வழியில் அவன் பின்கதவை ஒருமுறை தட்டிப் பார்ப்பேன், பழக்கத்தில். குனிந்து பொறுக்கும்போது அவனோடு பேசுகிற மாதிரியே பேசிக்கொண்டிருப்பேன். அவன் வந்தால் மரம் நன்றாக நிற்க வேண்டும், ஒரு பழமாவது வெட்டினால் சுத்தமாக இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அப்படி இருந்தால் அவன் வருவான் என்று எப்படியோ மனதில் விழுந்துவிட்டது. மேல் லயத்து அம்மா இதைப் பார்த்துவிட்டு, பூட்டுக்குக் காவல் இருக்கிற ஒரே ஆள் நான்தான் என்று கேலி பண்ணினாள்.

ஆனால் அந்த மரம் ரொம்ப உயரம். உச்சியில் பழுப்பதை என்னால் பறிக்க முடியாது. நான் குனிந்து பொறுக்கி நிமிர்வதற்குள் இன்னொன்று விழும். இடுப்பு ஒடிந்துவிட்டது. போதனாசிரியைக்குப் போன் எடுத்துக் கேட்டேன். முழுவதும் பொறுக்க முடியாவிட்டால் மரத்தைக் குறைத்துவிடுங்கள், ஒரு பருவம் காய் இல்லாமல் போனால் ஈ பெருகாது என்றார். என் மரமென்றால் சரி. அது அவன் மரம். ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று வத்தளைக்குப் போன் எடுத்தேன்.

நடந்ததையெல்லாம் சொன்னேன். அவன் மகன் வீட்டில் தொலைக்காட்சி சத்தம் கேட்டது. எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னான்:

“அதுக்குப் போய் ஏன்டா இந்த வயசுல அல்லாடுற. வேரோட வெட்டிப் போட்டுடு மச்சான்.”

நான் போனை வைத்துவிட்டேன். அவ்வளவு கோபம். அதைவிட அழுகை. பழத்தைத் தின்று தீர்க்காதே என்று சொல்லிவிட்டுப் போனவன், வேரோடு வெட்டு என்கிறான். இனி இந்தப் பக்கம் வருகிற எண்ணம் உள்ளவன் இப்படிச் சொல்லுவானா? அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கைவாளும் கவ்வாத்துக் கத்தியும் எடுத்துக்கொண்டு போனேன். இருக்கிற கோபத்துக்கு அடியோடு அறுத்துத் தள்ளிவிட்டு வருவதென்றுதான் போனேன். வாளை அடிமரத்தில் வைத்ததும் கை கேட்கவில்லை. காலமெல்லாம் கவ்வாத்து வெட்டிய கைக்கு, செடியைக் கொல்லத் தெரியவில்லை. வாள் தானாக மேலே ஏறி இடுப்பளவில் நின்றது. பெரிய கிளைகளை வாளால் அறுத்தேன். சின்னதுகளை, தண்ணீர் தங்காமல் சரிவாக, கத்தியால் ஒரே வீச்சில் வெட்டினேன். தேயிலையில் செய்வது போலவே, மரம் மூச்சு விட ஒரு கிளையை இலையோடு விட்டுவிட்டேன். காயெல்லாம் பறித்துப் பைக்குள் போட்டுக் கட்டினேன். இலைக் குச்சிகளை வெட்டுவாய்மேல் பரப்பி வெயில் படாமல் மூடினேன். முடித்துவிட்டுப் பக்கத்து நிரையைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே அவன் வீட்டுச் சுவர்தான் இருந்தது.

பிறகு நானாக அவனுக்குப் போன் எடுக்கவில்லை. வீம்பு. மழைக்காலம் தொடங்கியபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே எடுத்தான். சுகம் விசாரிக்கவில்லை, மழை விசாரிக்கவில்லை.

“வெட்டிட்டியா?”

“வெட்டிட்டேன்.”

“எத்தன உயரத்துல?”

வேரோடு வெட்டச் சொன்னவன் கேட்கிற கேள்வியா அது? இடுப்பளவு என்றேன். சரிவாக வெட்டினாயா என்றான், ஆமாம் என்றேன். குச்சி போட்டு மூடினாயா என்றான், அதற்கும் ஆமாம். அப்புறம் குரல் இறங்கிப் போய்க் கேட்டான்:

“மூச்சுக்கு ஒரு கெளை விட்டியாடா?”

விட்டிருக்கிறேன் என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னான், தன்னால் இனி வர முடியாதென்று. முழங்கால் ஒரு காரணம். வந்தால் திரும்பிப் போக மனம் வராது, மகனுக்குக் கஷ்டம், அது இன்னொரு காரணம். மரம் நிற்கிறது என்று தெரிந்தால் தினமும் அதே நினைப்பாக இருக்கும் என்றுதான் வேரோடு வெட்டச் சொன்னானாம். அவன் வரமாட்டான். அது தெரிந்துவிட்டது. போனை வைக்கும் முன்னால் ஒன்று சொன்னான்:

“துளிர் விட்டா சொல்லு மச்சான்.”

இந்த வருடம் என் மரத்துப் பழத்தில் புழு குறைந்துவிட்டது. நேற்று வெட்டிய பழத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன். ஒன்றுமில்லை. சுத்தமாக, வெள்ளை வெளேரென்று இருந்தது. வாசலில் உட்கார்ந்து நாலு துண்டையும் நானே தின்றேன்.

இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் போன் எடுக்கிறான். முன்பு மாதக்கணக்கில் எடுக்காதவன். எடுத்ததும் முதல் கேள்வி அதுதான், துளிர் விட்டதா. அதிலிருந்து தொடங்கி, வெட்டுவாயில் சாணி பூசச் சொல்லி, மழைத் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டு, குரங்குக் கதைக்குச் சிரித்து, பேச்சு எங்கெங்கோ போகும். அந்த மரமோ, அடிமரம் முழுக்கச் சிவப்புச் சிவப்பாகத் துளிர்த்து, ஒரு முழத்துக்குமேல் வளர்ந்து நிற்கிறது.

“இன்னும் இல்லடா,” என்று சொல்லி வைத்திருக்கிறேன்.