மீதி ஒன்று

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். புனேயிலேயே பிறந்த என் மகள் கல்லூரியில் புரோகிராமிங் கற்கிறாள். போன வாரம், "அப்பா, ரெண்டு நம்பர் சொல்லுங்க, கம்ப்யூட்டர் வகுத்துக் காட்டும்" என்றாள்.

நாற்பத்தொன்று, எட்டு என்றேன். நடுவில் இரண்டு சாய்வுக்கோடு போட்டுத் தட்டினாள். ஐந்து என்று வந்தது.

"மீதி ஒண்ணு எங்கம்மா?"

"அரே அப்பா, அதுக்கு வேற குறி. கேட்டாத்தான் சொல்லும்."



புனேயில் நாங்கள் இருந்த ஏரவாடாவில் வெள்ளம் புகுந்த அன்று, எங்கள் சந்துக்காரர்கள் நாற்பத்தொரு பேர் ஒரே மொட்டைமாடியில் நின்றோம். படகில் எட்டுப் பேர்தான் ஏறலாம். "கித்னே சக்கர்? ஜல்தி போலோ!" எத்தனை நடை என்று படகுக்காரர் என்னிடம் கத்தினார். மனதுக்குள் வகுத்தேன். பள்ளிக்கூடப் பழக்கத்தில் ஈவை மட்டும் சொன்னேன்: "பாஞ்ச்." தப்பு என்று உடனே தெரிந்தது. அதற்குள் அவர் திரும்பிவிட்டார். கூப்பிட்டுத் திருத்தக் கூச்சமாக இருந்தது.

ஐந்தாம் நடையில் ஓர் இடம்தான் பாக்கி. பக்கத்து வீட்டு மங்களா அக்கா விலகி நின்றார். "தூ ஜா பாவ், மீ நந்தர் யேதே." நீ போ தம்பி, நான் அப்புறம் வருகிறேன் என்றார். நான் ஏறினேன்.

எங்களை இறக்கிவிட்டதும், ஐந்து நடை முடிந்தது, இருட்டில் மாடியில் யாரும் மிச்சமில்லை என்று நினைத்துப் படகுக்காரர் வேறு சந்துக்குப் போய்விட்டார். அக்கா மாடியில் இருப்பதை யாராவது சொல்வார்கள் என்று கரையிலும் வாய் திறக்காமல் நின்றேன். சற்று நேரத்தில் அக்கா நின்ற வீடு இடிந்து விழுந்தது.

அக்காவின் பிள்ளைகள் அதை விதி என்கிறார்கள். கேட்டால்தான் சொல்லும் என்றாள் மகள். என்னை இன்றுவரை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்லிவிடத்தான் இதை எழுதுகிறேன்.