குறையை முதலில் எழுதியவர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி அண்ணி கேட்டார். நல்லதாக எழுத அண்ணனிடம் நிறைய இருந்தது. நம்மிடம்தான் இல்லை. அதனால் இந்தக் கட்டுரை பலருக்குக் கசக்கும். கசந்தாலும் முழுதாகப் படியுங்கள். பாதி படித்துவிட்டு நிறுத்தியதால் வந்த வினையைத்தான் எழுதியிருக்கிறேன்.

அண்ணன் தாராவியில், சால் என்று சொல்லும் வரிசை வீட்டுக் கட்டடம் ஒன்றின் பத்துக்குப் பத்து அறையில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அப்பா தோல் பட்டறையில் வேலை செய்தார். அண்ணன் பத்தாவது படிக்கும்போது அப்பா காலமானார். அந்த வாரமே அண்ணன் ஒரு கூரியர் ஆபீசில் சேர்ந்துவிட்டார். என்னைப் படிக்க வைத்ததும், செம்பூரில் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். என் கல்லூரி விண்ணப்பத்துக்காக மாட்டுங்காவில் கொட்டும் மழையில் வரிசையில் நின்றவர், வீட்டுக்கு வந்து, ஃபாரம் நனையவில்லை என்பதைத்தான் முதலில் சொன்னார்.

ஐந்தாறு வருடம் முன்பு ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தோம். சாலை ஓரத்தில் எலுமிச்சம்பழம் குவியலாகக் கொட்டிக் கிடந்தது. பறித்த கூலிக்குக்கூடக் கட்டாத விலையைத் தரகர் சொன்னாராம், அந்த ஆத்திரத்தில் விவசாயி கொட்டிவிட்டுப் போய்விட்டார். அதே பழத்தை மாட்டுங்கா மார்க்கெட்டில் நாம் எண்ணி எண்ணி வாங்குகிறோம். திரும்பி வரும் ரயிலில் தாதர் வரும்வரை அண்ணன் இதையே பேசிக்கொண்டு வந்தார். பம்பாய் வந்ததும் மொபைலில் வீடியோ பார்த்துப் பார்த்து, தானே ஓர் இணையப் பக்கம் தயார் செய்தார். வாட்ஸப்பில் ஒரு குழுவும் தொடங்கினார். எலுமிச்சை, முருங்கை, சின்ன வெங்காயம், வற்றல் மிளகாய் எல்லாம் ஊரிலிருந்து ரயில் பார்சலில் வந்து இறங்கும். சனிக்கிழமை டெம்போவில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர், அணுசக்தி நகர் என்று வீடு வீடாகப் போகும். தமிழ் படிக்கத் தெரியாத நம் வீட்டுப் பிள்ளைகளுக்காக இந்தியிலும் பேசி அனுப்புவார்.

அவருடைய வியாபாரத்தில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒவ்வொரு மூட்டையிலும் பையிலும் அதை விளைவித்தவரின் பெயர், ஊர், போன் நம்பர் இருக்கும். இப்படிப் போட்டால் வாங்குகிறவர்கள் உங்களைத் தாண்டி நேரே அவர்களிடமே போய்விடுவார்கள் என்று நானே எச்சரித்தேன். "போவட்டும்டி. அதுக்குத்தான போடுதேன்" என்றார். இரண்டாவது, வியாழக்கிழமைதோறும் சரக்கைப் பற்றிக் குழுவில் எழுதும்போது அதன் குறையைத்தான் முதலில் எழுதுவார். பழம் சிறுத்திருக்கிறது, முருங்கை முற்றிவிட்டது, மிளகாயில் காரம் போதாது என்று ஆரம்பிப்பார். கடைக்காரன் இப்படிச் செய்வானா என்று எல்லோரும் சிரித்தோம். "குறைய நாம சொல்லிரணும். நல்லத அவங்களே பாத்துக்கிடுவாங்க" என்பார்.

அந்த நேர்மையை வைத்தே அவரை அடித்தார்கள்.

போன வருடத்துக்கு முந்திய வருட மழைக்காலத்தில், பார்சலில் வந்த சின்ன வெங்காயம் நனைந்துவிட்டது. அழுகிய வெங்காயத்தைப் படம் எடுத்துப் போட்டு, அதற்குக் கீழே அண்ணன் எழுதியது இதுதான். "இந்த வாரம் சின்ன வெங்காயம் மழையில் நனைந்து வந்திருக்கிறது. மூட்டைக்குள் அழுகல் இருக்கிறது. அதனால் யாருக்கும் அனுப்பவில்லை. ஆர்டர் போட்டவர்கள் மன்னிக்க வேண்டும்."

காய்கறி மொத்த வியாபாரம் செய்யும் நம் உறவினர் ஒருவர் அதில் முதல் இரண்டு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டினார். நம்ம ஆள் என்று நம்பி வாங்காதீர்கள் என்று மேலே ஒரு வரி சேர்த்து அனுப்பினார். அவர் பெயரை இங்கே போட வேண்டாம் என்று அண்ணி கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அவருக்குப் பயந்து அல்ல.

அவராவது தொழில் போட்டியில் செய்தார். நீங்கள்? ஊர்ச் சங்கக் குழு, கோயில் குழு, பில்டிங் குழு என்று ஒன்று விடாமல் அனுப்பினீர்களே, உங்களுக்கு என்ன போட்டி? அண்ணன் முழுச் செய்தியைத் திரும்பப் போட்டார். அதை ஒருவரும் அனுப்பவில்லை. செம்பூரில் வாசல் வரை வந்த எலுமிச்சையைத் திருப்பி அனுப்பினார்கள். அண்ணன் லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் நாலு மாடி ஏறிப் போய் விளக்கினார். "அந்தப் படத்தையெல்லாம் நாங்க நம்பலப்பா" என்று சொல்லிக் காபியும் கொடுத்தார்கள். ஆர்டர் மட்டும் கொடுக்கவில்லை. அணுசக்தி நகருக்கு வாரம் ஒரு டெம்போ போனது நின்றுபோனது. வந்து இறங்கிய முருங்கையைச் சாலில் இருந்த எல்லா வீட்டுக்கும் இனாமாகக் கொடுத்தார். அதை வாங்கிச் சாம்பார் வைத்தவர்களும் அந்தப் படத்தை அனுப்பியவர்கள்தான்.

தை மாதம் பிறந்த பத்தாவது நாள் அண்ணன் போய்விட்டார். டாக்டர் இதயம் என்றார். நான் டாக்டரோடு வாதாடவில்லை.

அன்று மாலையே அதே குழுக்களில் அண்ணனின் படம் மாலையோடு வந்தது. நேர்மையின் சிகரம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு வந்த கோபத்தை இந்த ஒரு வருடமும் ஆற்ற முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு, அந்த வெங்காயத்தை விளைவித்து அனுப்பிய அக்கா ஊரிலிருந்து ரயிலேறி வந்தார். ரிசர்வேஷன் கிடைக்காமல் பாதி தூரம் நின்றுகொண்டே வந்தவர். கூட்டத்தின் நடுவில் நின்று கேட்டார்.

"வெட்டுனது யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாம். அனுப்புனது யாரு? இங்கதான் இருப்பிய. முன்ன வந்த மூட்டையில எல்லாம் என் நம்பர் இருந்துச்சே. ஒரு போன் அடிச்சிருந்தா நான் சொல்லியிருப்பம்லா?"

நான் அண்ணியைப் பிடித்துக்கொண்டு, உங்களையெல்லாம் ஒவ்வொருவராக முறைத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மாதம் கழித்து, இணையப் பக்கத்தை மூடச் சொல்லி அண்ணனின் மொபைலை அண்ணி என்னிடம் கொடுத்தார். அதில் அந்தப் படம் இருந்தது. அணுசக்தி நகர் வாடிக்கையாளர் ஒருவர் அண்ணனுக்கு அனுப்பியது. என் புகுந்த வீட்டு வாட்ஸப் குழுவை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்த படம். என் நாத்தனார் அனுப்பியிருக்கிறார், அதற்குக் கீழே இரண்டு கை கும்பிடும் எமோஜி இருக்கிறது. பக்கத்தில் என் பெயர். வாடிக்கையாளர் கூடவே எழுதியிருந்தார், சொந்தத் தங்கையே ஒத்துக்கொண்ட பிறகு நாங்கள் என்ன செய்வது என்று.

நாத்தனார் தினமும் காலையில் சாமி படம் அனுப்புவார். இளைய மருமகள் நான். பார்க்கிறேனோ இல்லையோ கும்பிட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் மாமியார் வரைக்கும் பேச்சு போகும். அன்றும் ரயில் ஏறும் அவசரத்தில், என்ன படம் என்றே திறக்காமல் கும்பிட்டிருக்கிறேன். பிறகு மற்றவர்கள் அனுப்பியது என் கும்பிடும் சேர்ந்த படத்தைத்தான். இது தெரியாமல் தாராவியில் நாலு வீட்டு வாசலில் நின்று சண்டை போட்டேன். அவர்கள் ஏன் பதில் பேசாமல் என்னையே பார்த்தார்கள் என்பது இப்போது புரிகிறது.

அந்தப் படம் தன் கைக்கு வந்த பிறகும் அண்ணன் இரண்டு முறை என் வீட்டுக்கு வந்தார். தீபாவளிக்கு வந்தபோது சாப்பிட்டுவிட்டு, "உடம்பப் பாத்துக்கட்டி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் குறையை முதலில் சொன்ன மனிதர், என் குறையை மட்டும் என்னிடம் சொல்லாமலே போய்விட்டார். அண்ணே, உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. கேட்டிருந்தால் அன்றே எல்லாக் குழுவிலும் கத்தியிருப்பேனே.

ஆஸ்பத்திரியில் கூட இருந்த, சாலில் பக்கத்து அறை பாய்க்கும் அவர் வீட்டாருக்கும், காசு வாங்க மறுத்த டெம்போ டிரைவருக்கும், முழுச் செய்தியைப் படித்து ஆர்டர் போட்டுக்கொண்டே இருந்த மாட்டுங்கா டீச்சரம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மற்றவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஊரிலிருந்து வந்த அக்காவுக்கு நன்றி சொன்னால் போதாது, பதிலும் சொல்ல வேண்டும். அனுப்பியது யார் என்று கேட்டீர்கள். அன்று எனக்கே தெரியாது. இவர்கள் யாரும் சொல்லப்போவதில்லை, நான் சொல்கிறேன். அந்தப் படத்தை ஊர் நம்பியது என் பெயரைப் பார்த்துத்தான் அக்கா.

பேச்சியம்மாள்
தங்கை, செம்பூர்