பதினேழாம் விதி

அந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர். எதையும் மூன்று முறை சலிக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். செருப்பு வாங்கப் போனாலும் இதே கதைதான் என்பது கணவரின் புலம்பல்.

எந்தக் கணினி எதனோடு பேசலாம் என்று, வலையமைப்பின் வாயிற்காவலனான ஃபயர்வாலில் எழுநூற்றுச் சொச்சம் விதிகள் இருந்தன. ஃபயர்வால் அவற்றை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் பொருந்துகிற விதி எதுவோ அதுதான் செல்லும்; கீழே இருப்பது ஏட்டுச் சுரைக்காய். அத்தனையையும் சரிபார்க்கும் வேலை அந்த வருடம் அவள் தலையில் விழுந்தது.

ஐந்தாம் நாள் பிடிபட்டது. கேன்டீன் கணினி நோயாளிகளின் பதிவுகளைத் தொடக்கூடாது என்றது நாற்பதாம் விதி. தரைத்தளத்திலிருந்து எது வந்தாலும் விடு என்றது பதினேழாம் விதி. கேன்டீன் இருப்பதோ தரைத்தளத்தில்.

மேலாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கேன்டீனுக்கே போய்த் தட்டிப் பார்த்தாள். பதிவுகளின் நுழைவுப் பக்கம் மாமியார் வீட்டுக் கதவு மாப்பிள்ளைக்குத் திறப்பதுபோல் திறந்தது.

எழுதிய மகராசன் யாரென்று பார்த்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று மேலே வந்தாள். விதியின் ஓரத்தில் ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி, 'ஒரு வாரத்துக்கு மட்டும்' என்ற குறிப்பு, அவளுடைய பெயர்.

பதிவறை இடம் மாறியபோது அவசரத்தில் போட்டது. சத்தமில்லாமல் அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. காபி ஆறும்வரை யோசித்தாள். பிறகு மேலாளரின் அறைக்குப் போனாள்.

"யார் பண்ண வேலை இது?" என்றார் அவர்.

"நான்தான் சார். ஒரு வாரத்துக்குன்னு போட்டேன், எடுக்க மறந்துட்டேன்."

எந்தக் கணினி எப்போது உள்ளே வந்தது என்ற பழைய குறிப்புகளை இருவரும் இரண்டு நாள் உட்கார்ந்து துழாவினார்கள். கேன்டீனிலிருந்து உள்ளே எட்டிப் பார்த்தது அவள் ஒருத்திதான். விதியை எடுத்ததும் அதே தரைத்தளத்து எக்ஸ்ரே அறையிலிருந்து போன் வந்தது: திரையில் ஒன்றும் வரவில்லை. அவர்களும் அந்த ஓட்டையை நம்பித்தான் இத்தனை வருடம் பிழைத்திருக்கிறார்கள். அவர்களுடைய மூன்று கணினிகளுக்கு மட்டும் தனி விதி எழுதி, இம்முறை மூன்றல்ல, ஐந்து முறை சோதித்தாள்.

அறிக்கையில் பெயர் வேண்டாமே என்றார் மேலாளர். அவள் முதல் வரியிலேயே போட்டாள். அது சுற்றுக்குப் போன மறுவாரம் சக ஊழியர்கள் மூன்று பேர், ஆளுக்கொரு பழைய விதியோடு, தயங்கித் தயங்கி அவள் மேசைக்கு வந்தார்கள்.